பதினொரு வயதுப் பையன் வீட்டுக்குப் பெரியவன் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. கணவரும் நானும் பிரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மகனுக்கு 11 வயது, மகளுக்கு 6. பிறந்த ஊரை விட்டு வேறு நாட்டில் இருக்கிறோம். அம்மாவும் அண்ணனும் ஊரில். அடுத்த வீட்டுப் பெண்ணும் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்தான், வேறு நாட்டுக்காரர். அவர் வீட்டில் எப்போது பார்த்தாலும் யாராவது வந்து போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்கு யாரிடமும் வாய்விட்டு உதவி கேட்க வரவில்லை. மகன்தான் எனக்கு எல்லாம். தங்கையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்குக் கிளப்புவான், ராத்திரி கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பான், நான் அழுதால் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பான். எல்லோரும் மெச்சுகிறார்கள். ஆனால் மூன்று மாதமாக அவனுக்கு அடிக்கடி வயிற்றுவலி, இரவில் தூக்கமும் இல்லை. அவர்களுடைய அப்பா மனம் வந்தால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார், இல்லையென்றால் இல்லை. மகள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அப்பா இல்லாத பிள்ளைகள் உருப்படாது என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இருக்கும் மனத்திடம் எனக்கு இல்லையோ என்று தோன்றுகிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மற்றதெல்லாம் பிறகு. மகனை இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வீட்டுச் சூழ்நிலைதான் காரணம் என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. வலி எந்த நேரத்தில் வருகிறது, பள்ளி நாளில் மட்டுமா விடுமுறையிலும் வருகிறதா, தொப்புளைச் சுற்றியா ஒரு பக்கமாகவா, எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். வலி தூக்கத்திலிருந்து எழுப்புகிறது, எடை குறைகிறது, காய்ச்சலோ விடாத வாந்தியோ இருக்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால் அதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இவை இருந்தால் மனச்சுமை என்று விட்டுவிடாமல் உடம்பில் காரணம் தேட வேண்டும். இவை எதுவும் இல்லாமல், பள்ளி நாள் காலையில், தொப்புளைச் சுற்றி வந்து போகும் வலி என்றால் மனச்சுமை உடம்பில் வெளிப்படுவதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அப்போதும் அது நடிப்பு அல்ல. குடலுக்கும் மூளைக்கும் இடையே நரம்புப் போக்குவரத்து ஓயாமல் நடக்கிறது. பதற்றத்தில் குடலின் அசைவும் மாறுகிறது, வலியை உணரும் அளவும் கூடுகிறது. அவனுக்கு உண்மையாகவே வலிக்கிறது. "சும்மா சொல்லாதே" என்ற பேச்சு வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பக்கத்து வீட்டில் நீங்கள் பார்த்தது அந்தப் பெண்ணின் மனத்திடத்தை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள்: நீங்கள் பார்த்தது ஆட்களை. வந்து போகும் ஆட்களை. இந்த வித்தியாசம் முக்கியம். ஏனென்றால், திடம் தன்னிடம் இல்லை என்று நினைக்கும் தாய் தன்னையே இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொள்வார். ஆள் இல்லை என்று புரிந்துகொள்ளும் தாய் ஆள் தேடுவார். நீங்கள் செய்ய வேண்டியது இரண்டாவதை. அதில் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஆள் உங்கள் மகனாக இருக்கக் கூடாது.

அப்பா இல்லாத பிள்ளைகள் உருப்படாது என்ற பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நாற்பது வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடிப்பழக்கம், மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்தவர்கள். அப்படி வளர்ந்தவர்களிலும் மூன்றில் ஒருவர் எந்தப் பெரிய சிக்கலும் இல்லாமல், திறமையும் பரிவும் உள்ள இளைஞர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, நிலையான அன்பு காட்டிய பெரியவர் ஒருவராவது அவர்களுக்கு இருந்தார் என்பது. அந்த ஆள் அப்பாவாகவோ அம்மாவாகவோதான் இருக்க வேண்டும் என்றில்லை. பாட்டி, சித்தி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று யாராகவும் இருந்தார். இளமையில் தடுமாறியவர்களிலும் பலர் நடுவயதுக்குள் நிமிர்ந்துவிட்டார்கள் என்பதையும் அதே ஆய்வு காட்டியது. பிரிட்டனில் சூசன் கோலம்பாக், தாங்களே விரும்பித் தனியாகப் பிள்ளை பெற்றுக்கொண்ட தாய்மாரின் குழந்தைகளை ஆராய்ந்தார். இரு பெற்றோரோடு வளரும் பிள்ளைகளைவிட அவர்களுக்கு மனநலம் குறைந்துவிடவில்லை. பிள்ளையை உண்மையில் பாதிப்பவை வேறு: பெற்றோரின் ஓயாத சண்டை, திடீரென்று விழும் வருமானம், அடிக்கடி வீடும் பள்ளியும் மாறுவது, கூட இருக்கும் ஒரே பெரியவர் மனம் ஒடிந்து கிடப்பது. இவை ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்ய முடியும். அதனால்தான் இந்த வேறுபாட்டை வலியுறுத்துகிறேன்.

தனியாகப் பிள்ளை வளர்ப்பது என்பதே ஊருக்கு ஊர் ஒன்றாக இல்லை. சீனாவின் யுன்னான், சிச்சுவான் மாகாணங்களின் எல்லையில் லுகு ஏரியைச் சுற்றி வாழும் மோசுவோ மக்களிடையே, மரபான ஏற்பாட்டில், ஆண் தன் துணைவியின் வீட்டுக்கு இரவில் வந்து காலையில் தன் தாய்வீடு திரும்பிவிடுவார். குழந்தை தாய்வீட்டில் பாட்டி, சித்திகள், தாய்மாமன்கள் நடுவே வளரும். ஒரு தகப்பன் செய்ய வேண்டியதில் பெரும்பகுதியைத் தாய்மாமன் செய்வார். அங்கே அந்தத் தாயை யாரும் தனித்தாய் என்று எண்ணுவதில்லை. லத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்கக் குடும்பங்களில் ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோரை நிறுத்துகிறார்கள். அன்றிலிருந்து குழந்தையின் தாயும் ஞானத்தாயும் தங்களுக்குள் உறவுமுறை ஆகிறார்கள். சபை நடுவே பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் பிறகு எளிதில் ஒதுங்க முடிவதில்லை. ஸ்வீடனில் பிரிந்திருக்கும் பெற்றோர் பிள்ளைக்கான பணத்தைத் தராவிட்டால் அரசின் சமூகக் காப்பீட்டுத் துறை ஒரு குறிப்பிட்ட தொகையைத் தந்துவிட்டு, பிறகு அவரிடமிருந்து வசூலிக்கிறது. தாய் போன் போட்டுக் கெஞ்ச வேண்டிய அவசியம் அங்கே குறைகிறது.

எல்லா ஏற்பாடும் எல்லா இடத்திலும் பலித்துவிடவில்லை. ஜமைக்காவில் தாய் வேலைக்காக வெளிநாடு போக, பாட்டியிடம் வளர்ந்த பிள்ளைகளைப் ‘பீப்பாய்ப் பிள்ளைகள்’ என்று சொல்வதுண்டு. துணியும் செருப்பும் பலசரக்கும் பீப்பாயில் வந்து சேரும், அம்மா வரமாட்டார். பொருள் வந்தும் பலருக்கு ஏக்கம் தீரவில்லை. ஜப்பானில் தனித்தாய்மாரில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்குப் போகிறார்கள். அப்படியிருந்தும் 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, ஒரே ஒரு பெரியவர் உள்ள, பிள்ளைகளோடு கூடிய வீடுகளில் வாழ்பவர்களில் 44.5 சதவீதத்தினர் வறுமையில் இருந்தார்கள். நிரந்தரமில்லாத, குறைந்த சம்பள வேலைகளும், தகப்பன்மாரிடமிருந்து வராத ஜீவனாம்சமும் பெரிய காரணங்கள். அந்தத் தாய்மாருக்கு உழைப்பும் திடமும் குறைவு என்று யார் சொல்ல முடியும்? சுற்றி நிற்க வேண்டியவை நிற்காவிட்டால் தனி மனிதரின் திடம் ஓரளவுக்கு மேல் தாங்காது.

உங்கள் வீட்டில் இப்போது அப்படிச் சுற்றி நிற்பது மகன் ஒருவன்தான். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: வீட்டு வேலை செய்வதால் பிள்ளைகள் கெட்டுப்போவதில்லை. பாத்திரம் துலக்குவதும் துணி மடிப்பதும் தங்கைக்குச் செருப்பு மாட்டிவிடுவதும் நல்லவை. பெரியவரின் கவலையைத் தூக்கும்போதுதான் பிள்ளை உடைகிறான். இரண்டுக்கும் இடையே கோடு போட ஒரு வழி இருக்கிறது. அவன் ஒரு வாரத்தில் செய்யும் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று கேள்விகள். இது அரை மணிக்குள் முடிகிற வேலையா? அவன் செய்யாமல் விட்டால் யாருக்காவது ஆபத்து உண்டா? செய்து முடித்த பிறகும் அவன் மனதில் அது ஓடிக்கொண்டிருக்கிறதா? முதல் கேள்விக்கு ஆம், மற்ற இரண்டுக்கும் இல்லை என்றால் அந்த வேலை அவனிடமே இருக்கட்டும். மற்றவை உங்களுடையவை.

நீங்கள் எழுதிய மூன்றையும் அப்படிப் பார்ப்போம். தங்கையைக் குளிப்பாட்டுவதை இன்றே நிறுத்துங்கள். ஆறு வயதுப் பிள்ளை, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றால் தானே குளித்துக்கொள்ளும். இருவருக்கும் அந்தரங்கம் என்ற ஒன்று தேவைப்படும் வயதும் வந்துவிட்டது. காலையில் நேரமில்லை என்றால் குளியலை மாலைக்கு மாற்றுங்கள். உடுப்பையும் பள்ளிப்பையையும் இரவே எடுத்து வைத்துவிட்டால் காலையில் அவன் செய்ய எதுவும் மிஞ்சாது. கதவைப் பூட்டுவதை ஒரே நாளில் தடுத்தால் அவன் பதற்றம் கூடிவிடும். முதல் வாரம் இருவரும் சேர்ந்து ஒரே ஒரு தடவை பாருங்கள், தினமும் ஒரே நேரத்தில். இரண்டாவது வாரம் நீங்கள் பூட்டுங்கள், அவன் பார்க்கட்டும். மூன்றாவது வாரம் அவன் படுக்கையில் இருக்க, நீங்கள் பூட்டிவிட்டுக் குரல் கொடுங்கள்: "பூட்டிட்டேன்." அவன் மறுபடி கேட்டால் ஒரு தடவைக்கு மேல் பதில் வேண்டாம். திரும்பத் திரும்ப உறுதி சொன்னால் சந்தேகம் அடங்காது, வளரும்.

அழுகை மூன்றாவது. பிள்ளைகள் முன்னால் அழவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மறைத்து மறைத்து அழும் அம்மாவைப் பிள்ளை இன்னும் உன்னிப்பாகக் கவனிக்கும். ஆனால் உங்கள் அழுகையை ஆற்றும் வேலை அவனுடையது இல்லை என்பதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு இன்னைக்கு மனசு சரியில்லடா. மாமாகிட்ட போன்ல பேசப் போறேன், கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நீ எதுவும் செய்ய வேண்டாம், போய் விளையாடு." பேசப் போகிறேன் என்று சொன்னால் உண்மையாகவே பேச வேண்டும். உங்களைத் தாங்க இன்னொரு பெரியவர் இருக்கிறார் என்பதை அவன் கண்ணால் பார்த்தால்தான் காவலை விடுவான்.

இதையெல்லாம் செய்ய ஆரம்பித்ததும் அவன் மகிழ்ச்சி அடைவான் என்று எதிர்பார்க்காதீர்கள். முதல் சில வாரங்கள் கோபப்படுவான், தங்கையை அதட்டுவான், "அப்போ நான் எதுக்கு?" என்றுகூடக் கேட்பான். வீட்டில் அவனுக்கு இருந்த உயர்ந்த இடம் பறிபோகிறதல்லவா? பலர் இந்தக் கட்டத்தில்தான் மனமிளகிப் பழையபடி விட்டுவிடுகிறார்கள். விட்டுவிடாமல், எடுத்த இடத்தில் வேறொன்றைக் கொடுங்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷார்லின் வோல்சிக், இர்வின் சாண்ட்லர் குழுவினர் மணமுறிவுக்குப் பின் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்காக 1990-களில் ஒரு பயிற்சியை உருவாக்கி, பல ஆண்டுகள் கழித்தும் அந்தப் பிள்ளைகளைத் தேடிப்போய் விசாரித்தார்கள். பயிற்சி பெற்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆறு ஆண்டுகள் கழித்தும் மனநலச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. அதில் கற்றுக்கொடுத்தவை எளிமையானவைதான்: வாரம் ஒருமுறை குடும்பமாகச் சேர்ந்து செலவில்லாத விளையாட்டு, ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாகக் கொஞ்ச நேரம், நல்லது செய்யும்போது கவனித்துச் சொல்வது, குறுக்கிடாமல் கேட்பது, மாறாத கண்டிப்பு.

தனி நேரம் என்பதைச் சரியாகச் செய்ய வேண்டும். பதினைந்து நிமிடம் போதும், வாரத்தில் மூன்று நாள். என்ன செய்வது என்று அவன் முடிவெடுப்பான். உங்கள் போன் வேறு அறையில். படிப்பு, தங்கை, அப்பா, அறிவுரை எதுவும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் கிடையாது. அவன் படம் வரைந்தால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், திருத்தாதீர்கள். மிக அடிக்கடி நடக்கும் தவறு, அவன் சேட்டை செய்த நாளில் "இன்னைக்கு அது கிடையாது" என்று அதைத் தண்டனையாக்குவது. அந்த நாளில்தான் அது அவனுக்குக் கூடுதலாகத் தேவை.

இனி, உதவி கேட்பது. உங்களுக்கு வராத அந்தக் கலைக்கும் பழக்கத்தால் படியக்கூடிய ஒரு முறை இருக்கிறது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று பலர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள், நீங்களும் தலையாட்டியிருப்பீர்கள், அதோடு முடிந்திருக்கும். அளவு தெரியாத உதவிக்கு யாரும் கை நீட்டத் துணிவதில்லை, கொடுப்பவரும் எங்கே போய் முடியுமோ என்று பயப்படுகிறார். எனவே கேட்கும்போது வேலை, நாள், நேரம், எத்தனை வாரம் என்ற நான்கும் இருக்கட்டும். மறுப்பதற்கு ஒரு வாசலும் திறந்திருக்கட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இப்படிக் கேட்கலாம்: "அடுத்த நாலு வாரம், செவ்வாய்க்கிழமை மட்டும், உங்க பிள்ளைகளோடு என் மகளையும் பள்ளியிலிருந்து கூட்டிட்டு வர முடியுமா? ஐந்தரைக்கு நான் வந்துடுவேன். வியாழக்கிழமை உங்க பிள்ளைகளை நான் கூட்டிட்டு வரேன். முடியலைன்னா தாராளமா சொல்லுங்க, வேற வழி பார்த்துக்கலாம்." நான்கு வாரம் முடிந்ததும் நீங்களே போய், தொடரலாமா நாளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இப்படி முடிவுத் தேதி வைத்துக் கேட்ட உதவிதான் ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது.

கெட்டுப்போகும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம் தாமதமானாலும் செய்தி அனுப்ப வேண்டும். சொல்லாமல் இருபது நிமிடம் இரண்டு தடவை ஆனால் உறவு நலிந்துவிடும். நன்றிக்கடன் தாங்காமல் பெரிய பரிசுகளாக வாங்கிக் குவிப்பதும் தவறு. எதிரில் இருப்பவர் இனி உங்களிடம் எதையும் கேட்க முடியாமல் போவார். உதவிக்கு உதவியே போதும், அதே அளவில் இல்லாவிட்டாலும். பிள்ளையைக் கூட்டிவரும் அதே ஆளிடம் மனக்குமுறலையும் முழுக்கக் கொட்டிவிடாதீர்கள். ஒருவரிடமே எல்லாவற்றையும் சாய்த்தால் அவருக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் உங்கள் வீடு நின்றுவிடும். நடு இரவில் கூப்பிட ஒருவர், வாராவாரம் நேரம் தர ஒருவர், சட்டமும் விண்ணப்பமும் தெரிந்த ஒருவர், மனம்விட்டுப் பேச ஒருவர் என்று நான்கு பெயர் வேண்டும். கடைசி ஆள் உங்கள் அண்ணனாக இருக்கலாம், தூரம் தடையில்லை. முதல் ஆள் நடந்து வரும் தொலைவில் இருந்தாக வேண்டும்.

அந்த நடு இரவு ஆளிடம் ஒரு வீட்டுச் சாவியும் ஒரு தாளும் கொடுத்து வையுங்கள். தாளில் பிள்ளைகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, எடை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்தும் அதன் அளவும், மருத்துவர், பள்ளி, உங்கள் வேலையிடம், அண்ணன் ஆகியோரின் எண்கள், காப்பீட்டு எண். அதோடு, நீங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இரண்டு: பள்ளியிலிருந்து அழைத்துவர ஒன்று, உங்களைத் தொடர்புகொள்ள முடியாதபோது மருத்துவ முடிவெடுக்க ஒன்று. பல பள்ளிகளும் மருத்துவமனைகளும் தங்கள் படிவத்தைத்தான் ஏற்கும், எனவே முன்கூட்டியே விசாரியுங்கள். எடை மாறும், மருந்து மாறும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாளைப் புதுப்பியுங்கள்.

ஒரே பெரியவர் உள்ள வீட்டில் அந்த ஒருவர் மயங்கி விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் யோசித்தாக வேண்டும். மகனை மட்டும் நம்பாமல் மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்: உங்கள் முழுப்பெயர், வீட்டு முகவரி, அவசர எண், பூட்டிய போனிலிருந்தே அவசர அழைப்பை அழுத்துவது எப்படி, அடுத்து எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது. மாதம் ஒருமுறை விளையாட்டாக ஒத்திகை பார்த்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது பதிந்துவிடும், பயமும் வராது. "எனக்கு ஒண்ணு ஆயிட்டா" என்று ஆரம்பிக்காதீர்கள். பள்ளியில் தீயணைப்பு ஒத்திகை நடக்கிறதே, அந்தத் தொனியில் செய்யுங்கள். உங்களுக்குப் பின் பிள்ளைகள் யார் பொறுப்பு என்பதற்கு உயில் எழுதுவதும் அவசியம். பல நாடுகளில் உயிரோடு இருக்கும் மற்றப் பெற்றோருக்கே முதல் உரிமை போகும். ஒரு வழக்கறிஞரைப் பார்த்து உங்கள் நிலையில் என்ன செல்லும் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பையனுக்கு ஒரு ஆண் முன்மாதிரி வேண்டாமா என்று யாராவது கேட்டிருப்பார்கள். வேண்டும் என்றால் அது மாற்று அப்பா அல்ல. மாறாமல் வரும் ஒருவர். உங்கள் அண்ணன் வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில், இருபது நிமிடம் வீடியோவில் வந்தால் போதும். "சாப்பிட்டியா, படிச்சியா" என்ற விசாரிப்பு மூன்றாவது வாரத்தில் வற்றிவிடும். சேர்ந்து எதையாவது செய்யட்டும்: சதுரங்கம், ஒரு புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம், ஒரே படத்தை இருபக்கமும் வரைவது. பேச்சு அதன் ஊடே தானாக வரும். புதிதாக யார் வீட்டோடு பழக வந்தாலும், அவர் ஆணோ பெண்ணோ, சில விதிகள் விட்டுக்கொடுக்க முடியாதவை. பிள்ளையோடு கதவடைத்த தனிமை கிடையாது. பெரியவரும் பிள்ளையும் அம்மாவுக்குத் தெரியாமல் வைத்திருக்கும் ரகசியம் எதுவும் கிடையாது. கேட்காமலே அதிகமாகப் பரிசு தருபவர், பிள்ளையோடு தனியாக இருக்க அளவுக்கு மீறி ஆர்வம் காட்டுபவர் யாரானாலும் தள்ளி வையுங்கள், சங்கடமாக இருந்தாலும். ஆளில்லாத வீடு என்று தெரிந்தே நெருங்குபவர்களும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மகளின் ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கும் குழந்தையைப் பார்க்கும்போது இரண்டு ஆசை வரும்: ஒன்று அவர்மேல் இருக்கும் கோபத்தைக் கொட்டுவது, இன்னொன்று "அப்பாவுக்கு வேலை இருந்திருக்கும்" என்று பூசி மெழுகுவது. இரண்டும் வேண்டாம். முதலாவதில் தன் அப்பாவை நேசிப்பதே குற்றம் என்று பிள்ளை நினைக்கும். இரண்டாவதில், உண்மை தெரிய வரும் நாளில் உங்கள் பேச்சையும் நம்பாது. அழைப்பு வரும் என்று முன்கூட்டியே அறிவிக்காதீர்கள்; வந்தால் கூப்பிட்டுக் கொடுங்கள். ஞாயிறு அந்த நேரத்தில் வீட்டுக்கு வெளியே ஏதாவது ஒன்றை வழக்கமாக்குங்கள், போன் உங்கள் பையில் இருக்கட்டும். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டால், "எனக்குத் தெரியலைடா செல்லம். காத்திருந்து வரலைன்னா கஷ்டமாத்தான் இருக்கும். நீ எதுவும் தப்பு செய்யலை" என்பது போதும். கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். ஆறு வயதில் எல்லாவற்றுக்கும் தானே காரணம் என்று நினைப்பது இயல்பு. அவரோடு உங்கள் தொடர்பு எழுத்தில் இருக்கட்டும், பிள்ளை சம்பந்தமானது மட்டும்: "ஞாயிறு மாலை 5 மணி, இல்லையென்றால் புதன் 7 மணி. எது உங்களுக்கு முடியும்?" தூது போக மகனை அனுப்பாதீர்கள். பிரிவுக்குக் காரணம் வன்முறை என்றால் இந்தப் பத்தியை ஒதுக்கிவிட்டு, தொடர்பு வேண்டுமா, எந்தப் பாதுகாப்போடு என்பதை முதலில் சட்ட ஆலோசகரோடு பேசுங்கள். பிள்ளைச் செலவுக்கான தொகையும் வாய்ப்பேச்சாக இல்லாமல் நீதிமன்றம் அல்லது உரிய அரசுத்துறை வழியாக எழுத்தில் பதிவாகட்டும். நீங்கள் இருக்கும் நாட்டில் அரசு முன்பணம் தரும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

உறவுக்காரர்கள் மகனிடம் "இனி நீதான் வீட்டு ஆம்பளை" என்று சொல்லும்போது, அவன் காதில் விழும்படியே மறுக்க வேண்டும். "இல்லீங்க, இந்த வீட்டுல பெரியவள் நான். அவன் பிள்ளை." சிரித்த முகத்தோடு சொன்னாலும் சரி, சொல்லாமல் விடக் கூடாது.

கடைசியாக, நீங்கள். எத்தனை நாளாக அழுகிறீர்கள் என்று கடிதத்தில் இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே இருக்கிறது, எதிலும் பிடிப்பில்லை, தூக்கமோ பசியோ குலைந்திருக்கிறது என்றால் மகனுக்காகப் போகும் மருத்துவரிடமே உங்களுக்கும் நேரம் கேளுங்கள். இது பிள்ளைகளுக்கான வைத்தியமும்தான்: மிர்னா வைஸ்மன் என்ற ஆய்வாளர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு குணமான தாய்மாரின் பிள்ளைகளுக்கும் மனநலம் மேம்பட்டது. சிகிச்சை ஆரம்பித்த மூன்று மாதங்களுக்குள் தெரிந்த மாற்றம் அது. மகனின் தூக்கம் நான்கு வாரத்தில் கொஞ்சமும் தேறாவிட்டால், பள்ளிக்கே போக மறுத்தால் குழந்தை மனநல நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவனோ நீங்களோ உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்ற பொருளில் ஒரு வார்த்தை சொன்னாலும் நான்கு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், சாவி வைத்திருப்பவரை வீட்டுக்கு வரச்சொல்லுங்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.